'அப்பா' என்று பெயர் வைத்த ஃபோல்டர்

அந்த சி.டி. உறையில் எண்ணெய் வாசம் அடித்தது...

ஸ்கேன் சென்டரிலிருந்து அப்பா வாங்கி வந்தது. குற்றாலத்தில் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் அவர். வருகிறவர்களின் தலைவலியெல்லாம் அவர் விரல் பட்டால் இறங்கிவிடும். அவருடைய தலைவலி மட்டும் ஒரு மாதமாக இறங்கவில்லை.

திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டர். முதலில் படத்தை அனுப்பச் சொன்னார்கள். அவசரம் என்றால் உடனே போகலாம். இல்லையென்றால் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும்.

"எம்பிள்ள கம்ப்யூட்டர் படிச்சிருக்கா. அவ அனுப்பிருவா" என்றார் அப்பா. எங்கள் குடும்பத்தில் முதல் டிகிரி நான். கல்லூரி முடித்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

சி.டி.யோடு தந்த ஃபிலிமைப் போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். சுருங்கிக் கலங்கிப் போய்ச் சேர்ந்தன. சி.டி.யில் உள்ளதை, படம் பார்க்கும் சாஃப்ட்வேரோடு மொத்தமாக அனுப்பச் சொன்னார்கள்.

தென்காசி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர். எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டரில் போட்டு, தமிழில் 'அப்பா' என்று பெயர் வைத்து, ஜிப் செய்தேன். உள்ளே சாஃப்ட்வேர் இருந்ததால் மெயில் ஏற்கவில்லை. டிரைவில் ஏற்றி லிங்க் அனுப்பினேன்.

மறுநாள் டாக்டரின் உதவியாளர் போன் செய்தார். பாதி மலையாளம்.

"மோளே, சாஃப்ட்வேர் தொறக்கும். பட்சே படம் ஒண்ணும் காணுன்னில்ல."

"சரி சார்... திரும்ப அனுப்புதேன் சார்."

கூச்சத்தில் அதோடு போனை வைத்துவிட்டேன். அதே ஜிப்பை மறுபடி அனுப்பினேன். என்னிடம் நன்றாகத்தானே திறந்தது!

அடுத்த நாளும் அதே போன், அதே 'சரி சார்'. அளவுதான் பிரச்சினை என்று நினைத்து இன்னும் சுருக்கி அனுப்பினேன்.

மூன்றாம் நாள் சென்டர்க்கார அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை.

"ஏ பிள்ள, அங்கன என்ன தெரியுதுன்னு ஒரு வார்த்த கேட்டியா?"

"இல்ல அண்ணாச்சி..."

"நல்லாக் கூச்சப்படு. ஒனக்குப் பதிலா அந்த மவுஸு பேசும்!"

அவரே நம்பரைப் போட்டு என் கையில் கொடுத்தார். கேட்டேன்.

"ஃபோல்டரோட பேரு எந்தோ கிறுக்கல் மோளே. ஒரு ஆல்பா, அம்பு மாதிரி ஒண்ணு... பின்னேயும் ஆல்பா. மொத்தம் அஞ்சு ஆல்பா."

ஐந்து.

அ, ப, புள்ளி, ப, கால்.

அப்பாதான் அது. அங்கே ஜிப்பைப் பிரித்தபோது தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் உடைந்து, ஆல்பாவில் தொடங்கும் குப்பையாகியிருந்தது. அந்தப் பெயருக்குள் போய்ப் படத்தை எடுக்க சாஃப்ட்வேருக்கு வழி தெரியவில்லை. பெயரை ஆங்கிலத்தில் 'scan' என்று மாற்றி அனுப்பினேன்.

பத்து நிமிடத்தில் போன். "மோளே, இப்பத் தன்னே புறப்படு."

செங்கோட்டை தாண்டும்போது கார் கண்ணாடியில் சாரல். நடந்ததை அப்பாவிடம் சொன்னேன். சிரித்தார்.

"எவனும் வாசிக்க முடியாத பேரையாட்டி எனக்கு வச்ச?"

ஆரியங்காவு வருவதற்குள் அவருடைய வலது கை மடியிலிருந்து நழுவி சீட்டில் விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை... எடுக்க முடியவில்லை.

தலையில் ஆபரேஷன் நடந்தது. உயிர் தங்கியது. கை திரும்பவில்லை.

இரண்டு நாள் முன்னால் வந்திருந்தால்? டாக்டரிடம் இதை மட்டும் கூச்சப்படாமல் கேட்டேன். "சொல்ல முடியாது" என்றார்.

இப்போது சாஃப்ட்வேரை பேக் செய்து வெளியூர்களுக்கு அனுப்புவதுதான் என் வேலை. தமிழ்ப் பெயர் இன்று பெரும்பாலும் எங்கும் ஒழுங்காகத் திறக்கிறது. ஆனாலும் நான் வைப்பதில்லை. அனுப்பிய கையோடு போன் செய்து, "உங்க பக்கம் என்ன தெரியுது?" என்று கேட்டுவிடுவேன். ஆபீஸில் கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனால் அப்பா எனக்கு எண்ணெய் தேய்த்துவிடுவார். இடது கையால். பிடி நிற்காது... காதோரம் வழிந்து தோளெல்லாம் எண்ணெயாகும்.

"சரியாப் படுதாட்டி?"

"படுதுப்பா."