எண்ணெய்க் கை வெங்கிடேஷ்

கரமனையில் என் அறைக்கு அடுத்த வீட்டுக்காரர் வெங்கிடேஷ். வயலின் வித்வான் என்று கதவில் பலகை தொங்குகிறது. வாசிப்பதைவிட அவருக்குப் பெயர்கள் பிடிக்கும். வில்லைத் துள்ளவிட்டால் ஸ்பிக்காட்டோ, விரலால் சுண்டினால் பிஜிகாட்டோ, ஸ்வரத்துக்கு ஸ்வரம் வழுக்கினால் ஜாரு. பால்காரரையும் நிறுத்திச் சொல்வார். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். பரீட்சையில் எழுதிக் காட்டிய பிறகே தெரியும் என்று சொல்லிப் பழகியவன். இவருக்கு அந்தத் தொல்லை கிடையாது.

பாடகி நாகலக்ஷ்மி மாமிக்கு நிரந்தரப் பக்கவாத்தியம் ஆகிவிட வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் ஆசை. மாமிக்கு வழக்கமாக வாசிப்பவர் சென்னைக்குப் போய்விட்டதால், இந்த நவராத்திரிக்கு வாய்ப்பு வந்தது.

"நன்னா வாசிச்சா இனிமே நீதான்" என்றிருந்தார் மாமி.

மேடையில் உட்கார்ந்ததும் வெங்கிடேஷ் கிண்ணத்தில் தேங்காயெண்ணெய் வைத்துக்கொண்டார். கமகம் பேச இடக்கை விரல்கள் தந்தியில் வழுக்க வேண்டும்; அதற்கு ஒரு துளி தொட்டுக்கொள்வது வழக்கம்தான். இவர் இரண்டு கையையும் முக்கினார்.

மிருதங்கக்காரன் ஷைஜு மலையாளம் கலந்து கேட்டான்: "எந்தா சாமி, பப்படம் பொரிக்கவா?"

"கமகத்துக்காக்கும். உனக்கு மனசிலாகாது."

சொல்லிக்கொண்டே, அதே விரல்களால் வில்லின் முடியை நெடுக உருவிவிட்டார். முடி தந்தியைப் பற்றி உராய்ந்தால்தான் ஒலி. அதற்காகத்தானே ரோசின் தேய்க்கிறார்கள்! எண்ணெய் பட்ட வில்லும் விளக்குமாற்றுக் குச்சியும் ஒன்று.

மாமி ஆலாபனையை நிறுத்தி, இனி உன் முறை என்பதுபோல் அவர் பக்கம் திரும்பினார். வெங்கிடேஷ் கண்ணை மூடி, தலையை ஆட்டி, முழுநீளம் இழுத்தார். சத்தமே இல்லை. அவர் தலை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. பதறிப்போய் ரோசின் கட்டியை எடுத்துத் தேய்த்தார். எண்ணெயோடு சேர்ந்து பிசுபிசுத்ததுதான் மிச்சம்.

மானமுள்ளவன் எழுந்து போயிருப்பான். இவர் மைக்கை இழுத்து, "இன்னைக்கு ஸ்பெஷல், ஃபுல் பிஜிகாட்டோ" என்று அறிவித்துவிட்டு, டொய்ங் டொய்ங்கென்று சுண்ட ஆரம்பித்தார். கழக்கூட்டத்தில் உள்ள என் அலுவலகத்திலிருந்து வந்திருந்த கூட்டம் கைதட்டியது. அவர்களுக்கு இவர் போதும்.

மங்களம் முடிந்ததும் மாமி கூப்பிட்டார்.

"வெங்கிடேஷா, அடுத்த கச்சேரிக்கும் வந்துடு."

முகம் பூரித்தது. "வரேன் மாமி!"

"வயலின் வேண்டாம். பின்னாடி உக்காந்து தம்புரா போடு. அதுல சுண்டினா போறும், கேட்டியா."

தம்புராவில் தந்தியை எங்கும் அழுத்த வேண்டியதில்லை. திறந்த தந்தியை வெறுமனே மீட்டினால் போதும். மறுநாள் காலையில் கதவுப் பலகையில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது: 'ஓப்பன் ஸ்ட்ரிங் ஸ்பெஷலிஸ்ட்.'