பேரிக்காய் மரத்தடியில் ஒரு டம்ளர் டீ

கிளாவரை என்ற மலையூரில் நான் நடத்திய முதல் கூட்டத்தில் என்னை டீ போட அனுப்பினார் அந்த ஊரின் மேட்டுத் தோட்டக்காரர். எண்பதுகளின் நடுவில் கொடைக்கானலில் ஒரு மிஷனின் சமூகப் பணிப் பிரிவில் இருந்தேன். ஊர்க்காரர்களைக் கூட்டி, அவர்கள் பிரச்சினையை அவர்களே பேசித் தீர்க்க வைப்பது என் வேலை. அங்கே பிரச்சினை ஓடைத் தண்ணீர். அவருடைய உருளைக்கிழங்குக்குப் பாய்ந்து மிஞ்சினால்தான் கீழ்க்காட்டுக்கு வரும். அந்த வருடம் மிஞ்சவில்லை. கீழே மற்றவர்களின் பூண்டு கருகிக்கொண்டிருந்தது.

பள்ளிக்கூடத்தின் ஒரே நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். அவர் தொண்டையைச் செருமாமல் அந்த ஊரில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். நான் ஆரம்பித்ததும், "நீ போய் எல்லாருக்கும் டீ போடும்மா. பேச வேண்டியத நாங்க பேசிக்கிறோம்" என்றார். சிரித்தார்கள். நான் டீயோடு திரும்புவதற்குள், தண்ணீர் பழையபடியே என்று முடிவாகிக் கூட்டம் கலைந்திருந்தது. அது போதாதென்று, சின்னப் பெண்ணை அனுப்பாதீர்கள் என்று எங்கள் மிஷன் ஃபாதருக்குக் கடிதம் வேறு எழுதினார். இன்னொரு கூட்டம் நடத்திப் பார், அதுவும் சரிவராவிட்டால் வேறு வேலை தேடிக்கொள் என்றார் ஃபாதர். அந்த ஆளை மனதுக்குள் கறுவிக்கொண்டே நாட்களைக் கழித்தேன்.

மதுரைப் பயிற்சி ஒன்றில் வேறொரு முறை கற்றிருந்தேன். தலைவர் கிடையாது. விஷயம் உள்ளவர் அதைச் சொல்லிவிட்டு ஓரிடத்தில் போய் நிற்பார். அக்கறை உள்ளவர்கள் அவரிடம் போவார்கள். ஒருவரிடம் யாருமே போகாவிட்டால் கூட்டம் நடத்துபவர் போய் அவரோடு உட்கார வேண்டும். இந்தக் கடைசி விதியை நோட்டில் அடிக்கோடிட்டு வைத்திருந்தேன்.

இரண்டாவது கூட்டத்தை வெளியே மைதானத்தில் வைத்தேன். நாற்காலியை உள்ளே வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். முறையை விளக்கி முடித்ததும் தோட்டக்காரர் வழக்கம்போல் செருமி, தண்ணீரைப் பற்றிப் பேச என்னிடம் வாருங்கள் என்று பேரிக்காய் மரத்தடியில் போய் நின்றார். கீழ்க்காட்டுப் பெண் ஒருத்தி, நானும் தண்ணீரைப் பற்றித்தான் என்று மெல்லச் சொல்லிவிட்டுப் பள்ளிக்கூட மதிலோரம் நின்றாள்.

வாய் திறக்கத்தானே அவர் செரும வேண்டும்? நடப்பதற்கு அந்த ஊரில் அப்படி ஒரு வழக்கமே இல்லை. முதலில் ஒரு கிழவர் மதிலோரம் போனார். பிறகு எல்லோரும் போனார்கள். கடைசியில் தோட்டக்காரருடைய தம்பியும் போனார். ஓடைத் தண்ணீரைத் திருப்பும் மடை இருந்தது தம்பியின் பாகத்தில். மூன்று நாள் மேலே, மூன்று நாள் கீழே, முதல் முறை கீழ்க்காட்டுக்கு என்று முடிவாகிக்கொண்டிருந்தது.

அவர் மரத்தடியில் தனியாகவே நின்றார். மதிலோரம் போக மனம் இடம் கொடுக்கவில்லை போலும். எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு குளிர்ச்சி. டீ போட்டு ஒரே ஒரு டம்ளர் எடுத்துக்கொண்டு போனேன்.

"நீங்களாச்சும் செத்த ஒக்காருங்கம்மா" என்றார்.

"நீங்க குடிங்கய்யா. பேச வேண்டியத அவங்க பேசிக்கிறாங்க."

டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு மதிலோரம் போய்விட்டேன். யாரையும் தனியே விடவில்லை என்று ஃபாதருக்கு அறிக்கை எழுதினேன்.