மனுவில் அடித்த வரி

முருகன்குறிச்சியில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் காது கேளாதோர் சங்கம் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடும். கீழே நாள் முழுக்க எவர்சில்வர் அண்டாக்களை உருட்டி இறக்குவார்கள். அந்த இரைச்சலுக்குப் பயந்து வேறு யாரும் குடிவராத மாடி அது. கடைக்காரர் ஒருமுறை என்னிடம் சொன்னார்: “ஊமைச் சங்கம்னுதாம் நாம சொல்லுதோம். நம்ம அண்டாச் சத்தத்தைவிட அவுக சிரிக்க சத்தம் பெருசுவே.”

என் அக்கா அந்தச் சங்கத்தின் துணைத் தலைவர். பிறவியிலேயே காது கேளாதவள். பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்தாள். தையல் வேலை பார்த்தாள். கணவர் இறந்த பிறகு என் வீட்டு மாடி அறைக்கு வந்து சேர்ந்தாள். நான் ஒரு நாளிதழில் துணை ஆசிரியர். நிருபர்கள் அனுப்பும் செய்தியைச் சுருக்கித் தலைப்பு வைப்பது என் வேலை.

சங்கம் ஒரு மருத்துவமனைக்கு மனு கொடுத்திருந்தது. வாரத்தில் இரண்டு நாளாவது சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அங்கே இருக்க வேண்டும் என்பது கோரிக்கை. நிர்வாகம் பதில் அனுப்பியது. நோயாளியுடன் வரும் உறவினரே விளக்கிவிடலாம், அதனால் யாரும் பாதிக்கப்பட்டதாக இதுவரை புகார் இல்லை என்று அதில் இருந்தது. அக்கா மனுவையும் பதிலையும் என் முன்னால் வைத்து, இது பேப்பரில் வரவேண்டும் என்றாள். நிருபர் ஒரு பக்கத்துக்கு எழுதி அனுப்பிய செய்தியை நான் நான்கு வரியாக்கி உள்பக்கத்தில் போட்டேன். நிர்வாகத்தின் பதில் எனக்கு நியாயமாகத்தான் பட்டது. பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, “நாலு வரியே கூடுதல்லா அண்ணாச்சி, அக்கா சங்கம்னு போட்டியளோ?” என்றார்.

சங்கத்தில் ஒவ்வொருவருக்கும் சைகையில் ஒரு பெயர் உண்டு. முகத்தில் உள்ளதையோ பழக்கத்தையோ பிடித்து வைத்துவிடுவார்கள். அக்காவின் பெயர், புருவத்தின் மேல் விரலால் ஒரு கீறல். சிறுவயதில் விழுந்ததில் வந்த தழும்பு அங்கே இருந்தது. நான்கு வரி வெளியான வாரம் எனக்கும் பெயர் கிடைத்தது. இரண்டு விரல்களைக் கத்தரிபோல வெட்ட வேண்டும். மாடியே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அந்த ஐப்பசியில் அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உடம்பு மெலிய மெலிய, தன் ரவிக்கைகளை அவளே பிரித்துச் சிறிதாக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதே மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். ஸ்கேனைப் பார்த்த மருத்துவர் கணினித் திரையைப் பார்த்தபடியே பேசியதால், அவருடைய உதட்டை அவளால் படிக்க முடியவில்லை. கணையத்தில் புற்றுநோய். கல்லீரலுக்குப் பரவிவிட்டது. அறுவை சிகிச்சைக்கு வழியில்லை. சில மாதங்கள் இருப்பார். வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம். இதையெல்லாம் பத்து நிமிடம் பொறுமையாகச் சொன்னார். கடைசியில், “அவங்ககிட்ட நீங்களே சொல்லிருங்க. மறைக்காதீங்க” என்றார்.

அக்கா என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வயிற்றில் புண். மாத்திரை. காரம் கூடாது. சரியாகிவிடும். நான்கு சைகைகள்.

இவ்வளவு நேரம் பேசினாரே, இவ்வளவுதானா என்று கேட்டாள். இவ்வளவுதான் என்றேன்.

நாங்கள் வீட்டில் பேசிய சைகையில் புற்றுநோய்க்குச் சைகை கிடையாது. பிறகு பலரிடம் இதையே காரணமாகச் சொன்னேன். அது காரணமில்லை. அவளுக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வரும். என் சட்டைப்பையில் பேனா இருந்தது.

களக்காட்டில் அவளுக்கு ஒரு தோழி இருந்தாள். விடுதியில் பக்கத்துப் பாயில் படுத்தவள், அவளும் காது கேளாதவள். ஞாயிறுதோறும் சங்கத்தில் பார்த்துக்கொண்டாலும், தோழிக்குப் பேருந்துக்கு நேரமாகிவிடும். படிக்கட்டில் இறங்கும்போதும் திரும்பித் திரும்பிக் கை பேசும். ஒரு வாரம் வந்து தங்கு என்று அவள் வருடக்கணக்காகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மருத்துவமனைக்குப் போய் வந்த சில நாட்களில் அக்கா பையில் துணி எடுத்து வைத்துவிட்டு, போய்வரட்டுமா என்று கேட்டாள். அப்போது மாடிப்படி ஏறி இறங்கும் அளவுக்குத் தெம்பு இருந்தது. புண் ஆறட்டும், பிறகு போகலாம் என்றேன். அவள் துணிகளை எடுத்து மறுபடியும் அலமாரியில் அடுக்கினாள்.

ஏழு வாரம் ஆயிற்று. புண் ஏன் ஆறவில்லை என்று கேட்பதற்காக மருத்துவமனைக் கோப்பைச் சங்கத்துக்குக் கொண்டுபோனாள். சங்கச் செயலாளர் காது கேளாதவர், அவருடைய மகளுக்குக் காது கேட்கும். வங்கியில் வேலை பார்க்கும் அந்தப் பெண்தான் சங்கத்தின் மொழிபெயர்ப்பாளர். அவள் ஆங்கில அறிக்கையைப் படித்து, உள்ளதைச் சைகையில் சொல்லிவிட்டாள். உடனே எனக்கு போன் செய்தாள்.

“மாமா, அத்தைக்குத் தெரியும்னு நெனச்சுச் சொல்லிட்டேன். பெறகுதான் அவுக மொகத்தப் பாத்தேன்.”

அக்கா வீட்டுக்கு வந்து கோப்பை மேசையில் வைத்தாள். உனக்கு எப்போது தெரியும் என்று கேட்டாள். நான் நாட்காட்டியில் தேதியைக் காட்டினேன். அதிலிருந்து அன்றைய நாள்வரை விரலை வைத்து எண்ணிக்கொண்டு வந்தாள். என் முகத்துக்கு நேராக இரண்டு விரல்களை நீட்டி ஒருமுறை வெட்டினாள். அது என் பெயர்தான், தினமும் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். பிறகு வாழைப்பழம் உரிப்பதுபோல ஒரு சைகை செய்தாள். சங்கத்தில் களக்காட்டுக்கு அதுதான் சைகை.

அடுத்த நாளே கார் பிடித்தேன். சேரன்மகாதேவி தாண்டுவதற்குள் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். ஓட்டுநர் வயல் ஓரத்தில் நிறுத்தி, “பைய உருட்டிட்டுப் போவமா அண்ணாச்சி, திருப்பிருவமா?” என்று கேட்டார். அக்கா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். கண்ணை மூடியிருப்பவளிடம் கேட்க முடியாது. திருப்பச் சொன்னேன்.

அதன் பிறகு தோழிதான் களக்காட்டிலிருந்து வந்து போனாள். மூன்று முறை வந்தாள். கடைசி முறை அக்காவால் கையைத் தூக்க முடியவில்லை. தோழி போர்வைக்குள் கையை விட்டு, அந்த விரல்கள் சொல்வதைத் தொட்டுப் படித்தாள். என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. அந்த வாரத்திலேயே அக்கா இறந்தாள்.

சங்கத்தில் இரங்கல் கூட்டம் நடந்தது. மௌன அஞ்சலிக்கு அவர்கள் எழுந்து நின்று கண்களை மூடிக்கொள்வார்கள். நேரம் முடிந்ததும் செயலாளர் பக்கத்தில் நிற்பவரின் தோளைத் தொடுவார், அவர் அடுத்தவரைத் தொடுவார். நான் கடைசி வரிசையில் நின்றேன். தொடுகை வந்து சேரும்வரை எனக்கு மட்டும் கீழே அண்டா உருளும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

கூட்டம் கலைந்ததும் செயலாளர் என்னை உட்காரவைத்தார். மகள் அவருடைய சைகைக்குக் குரல் கொடுத்தாள்.

“மறுபடியும் மனு போடுதோம் மாமா. பாதிக்கப்பட்டவங்க யாரும் இல்லன்னுதான எழுதியிருந்தாங்க. அத்தை விஷயத்த எழுதலாமான்னு அப்பா கேக்காவ. ஒங்களுக்குச் சங்கடம்னா, உறவினர் ஒருவர்னு மட்டும் போட்டுக்கிடலாமாம்.”

“நானே எழுதித் தாரேன்.”

அவள் அப்பாவின் கைகளைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினாள். “சுருக்கிராதீங்கன்னு சொல்லுதாவ.”

இரண்டு பக்கம் எழுதினேன். ‘இறந்தவரின் தம்பியாகிய நான், மருத்துவர் சொன்னதை அவரிடம் சொல்லவில்லை’ என்று மனு தொடங்கியது. செயலாளர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகப் படித்தார். இரண்டாம் பக்கத்தின் நடுவில் ஒரு வரியை அடித்துவிட்டுத் தாளை என் பக்கம் திருப்பினார்.

“இது வேண்டாமாம் மாமா. ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு இது எதுக்குன்னு கேக்காவ.”

அவர் செய்தது சரி. என் மேசைக்கு வந்திருந்தால் நானும் அதைத்தான் அடித்திருப்பேன். மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. அடித்த வரி இது: ‘அன்றே சொல்லியிருந்தால், அவர் களக்காட்டில் தன் தோழியோடு ஒரு வாரம் தங்கியிருப்பார்.’