மில் குளத்தில் கற்பூரப் படகு

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். தெர்மாகோலும் உடைந்த பொம்மையின் மோட்டாரும் வைத்து மகள் செய்த ரிமோட் படகு தொட்டியில் சீறியபோது, தறிச் சத்தமும் வெந்நீர் வாடையுமாக இருந்த எங்கள் மில் குளமும், பின்னால் கற்பூரம் ஒட்டினால் தானாக ஓடும் அட்டைப் படகுகளும் நினைவுக்கு வந்தன. தோற்றவள் இனிக் குளத்துப் பக்கமே வரக்கூடாதென்று சின்ன வயதில் ஒரு நாள் பந்தயம். வெள்ளிக்கிழமை, தலைக்கு எண்ணெய் தேய்த்த கையோடு என் படகை விட்டேன், நகரவில்லை.

"இன்னாடி, உன் போட்டு தூங்குது?" என்றாள் எதிர்வீட்டு வசந்தா.

"எண்ணெ பட்டா கற்பூரம் ஓடாதுடி. இன்னொருவாட்டி வுடறேன், பாரு!"

மணலால் கை தேய்த்து, புது அட்டை வெட்டி, எண்ணெய் படாத இடமாகப் பார்த்து விட்டேன். வசந்தாவின் படகைத் தாண்டிப் போனது.

இப்போது அங்கே வீடுகள். குளம் உழவர்கரைப் பக்கமா, ரெட்டியார்பாளையமா என்று தெரிந்தவர்கள் சரிபாருங்கள். ஜெயித்தது யாரென்று மட்டும் சரிபார்க்க வேண்டாம்.