அக்காவால் முடியாதவை

எதைப் பார்த்தாலும் அது என்ன, ஏன் என்று கேட்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஆஸ்பத்திரிச் சீட்டானாலும் சரி, பக்கத்து வீட்டுக் கல்யாணப் பத்திரிகையானாலும் சரி, ஒரு வரி விடாமல் படித்துவிட வேண்டும். இந்தக் குணத்துக்காக நான் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமில்லை. கொரோனாவின் இரண்டாவது அலையில் ஒரே ஒரு நாள் அது உதவியது. ஆனால் அதற்கு முன்னால் என் வாய் செய்த வேலையைச் சொல்ல வேண்டும்.

என் அக்காவுக்குச் சின்ன வயதில் வந்த போலியோவால் இரண்டு கால்களும் நிற்காது. என்னைப் போலத் தறிக்குழியில் இறங்கி மிதிக்க அவளால் முடியாது. ஆனால் தறியில் ஒரு பாவு முடிந்து அடுத்த பாவு ஏறும்போது, பழைய இழையோடு புது இழையை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைக்க வேண்டுமே, அதற்கு எங்கள் தெருவில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஆயிரக்கணக்கான இழைகள். ஒன்று விட்டுப்போனாலும் புடவையில் கோடு விழும். அவள் பிணைத்தால் விழாது. தரையில் கையை ஊன்றி நகர்ந்தே குளிப்பாள், சமைப்பாள், என்னையும் அதட்டுவாள்.

மாற்றுத்திறனாளி முகாமுக்குப் போனால் மட்டும் கதை வேறு. அங்கே எவ்வளவு முடியாது என்கிறோமோ அவ்வளவு சதவீதம். அங்கே தரும் சான்றிதழில் சதவீதம் ஏறினால்தான் மாத உதவித்தொகை. அதனால் குளிப்பாட்ட ஆள் வேண்டும், ஊட்டிவிட ஆள் வேண்டும், ஒருக்களித்துப் படுக்கக்கூட ஆள் வேண்டும் என்று நான் ஒப்பிப்பேன். அக்கா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வாள். மேசைக்குக் கீழே அவள் கையை ஒரு அமுக்கு அமுக்குவேன். பொய்தான், பொறுத்துக்கொள் என்று அதற்கு அர்த்தம். வெளியே வந்ததும் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்போம். எங்கள் தெருவில் முகாமுக்குப் போகிற எல்லா வீட்டிலும் இந்தப் பாடம் உண்டு, யாரும் இதற்காக வெட்கப்பட்டதில்லை. அந்தச் சான்றிதழை பஸ்ஸில் நீட்டினாலும், பங்குனி உற்சவக் கூட்டத்தில் நீட்டினாலும், எங்களை முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார்கள்.

அக்காவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்த அன்று காலை, மாற்றுப்புடவைகூட எடுக்காமல் அந்தச் சான்றிதழைத்தான் முதலில் பைக்குள் வைத்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோக்களும் ஆம்புலன்ஸ்களும் வரிசையாக நின்றன. உள்ளே ஒரு ஆக்சிஜன் படுக்கை காலியானால் வெளியிலிருந்து ஒருவர் போகலாம். எங்கள் ஆட்டோவுக்குள் அக்கா என் தோளில் சாய்ந்திருந்தாள், அவள் கை என் மடியில் கிடந்தது. ஒரு நர்ஸ் ஒவ்வொரு வண்டியாக வந்து விரலில் கருவி மாட்டிப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார். எங்களிடம் வந்ததும் சான்றிதழை நீட்டினேன். இவங்க வேலையை இவங்களே பார்த்துக்கொள்வார்களா என்று கேட்டார். என் வாய் தானாகத் திறந்தது. முகாம் பாடம் முழுவதையும் ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்தேன். இவ்வளவு சொல்லியாயிற்று, அடுத்த படுக்கை நமக்குத்தான் என்று உள்ளுக்குள் பெருமை வேறு.

எங்களுக்குப் பின்னால் வந்த இரண்டு பேர் உள்ளே போனார்கள். அதில் ஒருவர் நடந்தே போனார். எனக்கு அரிப்புத் தாங்கவில்லை. நர்ஸ் மறுபடி வந்தபோது அவர் கையிலிருந்த தாளை எதிர்ப்பக்கத்திலிருந்தே படித்தேன். புடவையில் விழும் பூ புட்டாவின் பின்பக்கத்தைப் பார்த்தே நெய்கிறவளுக்குத் தலைகீழ் எழுத்து ஒரு காரியமா? அக்கா பெயருக்கு நேரே, முழுக்கப் பிறரைச் சார்ந்தவர் என்று ஒரு கட்டத்தில் எழுதி, பக்கத்தில் வட்டம் போட்டு மூன்று என்று இருந்தது. அது என்ன மூன்று என்று கேட்டேன். பாவம், தூக்கமே இல்லாத முகம் அவருக்கு. மறைக்காமல் சொன்னார். படுக்கை குறைவு, எழுந்து தன்னைத் தானே பார்த்துக்கொள்ளக்கூடியவர்களுக்கு ஒன்று, அரைகுறையாக முடிந்தவர்களுக்கு இரண்டு, மீதிப் பேருக்கு மூன்று. மூன்று கடைசியில்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், நான் அக்காவையே கெடுத்து வைத்திருந்தேன். அதெல்லாம் பொய், அவள் எல்லா வேலையும் செய்வாள் என்று பதறினேன். நர்ஸ் சான்றிதழை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"நீங்கதானம்மா சொன்னீங்க. கவர்மெண்ட் சீலும் இருக்குது. இப்ப பெட்டுக்காக மாத்திப் பேசுறீங்க."

வாழ்க்கையில் அந்தச் சான்றிதழைப் பற்றி முதல்முறையாக உண்மை பேசினேன், அன்றைக்குத்தான் பொய்க்காரி ஆனேன். வந்த கோபத்துக்கு, அக்காவை ஆட்டோக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, நாலடி தள்ளிப் படிக்கட்டில் நின்ற டாக்டரிடம் போனேன். உடம்பு முழுக்க பிளாஸ்டிக் உடை போட்ட சின்ன வயதுக்காரர். சண்டை போடத்தான் போனேன். பக்கத்தில் போனதும் கேள்விதான் வந்தது.

"இந்த சர்டிபிகேட்டுல அவ காலப் பத்தி எழுதியிருக்குது சார். நுரையீரலப் பத்தி எதுனா இருக்குதா, நீங்களே பாருங்க. நெஜமாவே கை காலு எதுவும் வராதவளா இருந்தாலும், மூச்சு மூச்சுதான சார்?"

அவர் சான்றிதழை முன்னும் பின்னும் பார்த்தார். நர்ஸிடமிருந்து தாளை வாங்கி, அதில் மொத்தம் எத்தனை மூன்று என்று விரலை ஓட்டினார். எனக்கு அது ஏனோ இன்னும் கண்ணிலேயே நிற்கிறது, அக்கா ஒருத்தியோடு அவர் நிறுத்தவில்லை. அந்தக் கட்டங்களை மேலிருந்து கீழ்வரை ஒரே கோடாக அடித்தார். மூச்சு அளவையும் வந்த நேரத்தையும் மட்டும் பார்த்துக் கூப்பிடச் சொன்னார். பொழுது சாய்வதற்குள் அக்காவைக் கூப்பிட்டார்கள். அவளால் பின்னுக்குத் தள்ளப்பட்டவர் யார், அவருக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. கேட்கத் தைரியம் வராத ஒரே கேள்வி அது.

அக்கா பிழைத்து வந்தாள். உடம்பு தேறி, என் தறியில் புதுப் பாவு பிணைக்க உட்கார்ந்த அன்று, தாளைத் தலைகீழாகப் படித்ததையும் டாக்டரை மடக்கியதையும் கை கால் ஆட்டி அவளுக்குச் சொன்னேன். அவள் இழையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எல்லாத்தையும் கேட்டுக்கினுதான் இருந்தேன்" என்றாள். நாலைந்து இழை பிணைத்தபிறகு கேட்டாள்: "முகாமுல சொல்றப்பல்லாம் என் கைய அமுக்குவியே. அன்னிக்கு ஏன்டி அமுக்கல?"

யோசித்துப் பார்த்தேன். அவள் கை என் மடியில்தான் கிடந்தது. வராத மூச்சை இழுத்துக்கொண்டு, நான் அமுக்குவேன் என்று அவள் காத்திருந்திருக்கிறாள்.