கெளுத்தி மீனுக்கு ரத்தம் எடுத்த கதை

மூன்று வருடங்களுக்கு முன், மலேசியாவில், கிள்ளானில் எங்கள் வீட்டுக் கார் போர்ச்சில் ஒரு சனிக்கிழமை காலையில் நடந்தது இது. பிரிக்பீல்ட்சில் ஒரு கிளினிக்கில் ரத்தம் எடுப்பது என் வேலை. அப்போதே இருபது வருட அனுபவம். நரம்பே தெரியாத கையிலும் ஒரே குத்தில் எடுத்துவிடுவேன். அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு. ஊசியைக் கண்டு நடுங்குகிறவர்களைப் பார்த்தால்தான் எரிச்சல் வரும். "ஆடாதீங்க! சின்னப் பிள்ளையா நீங்க?" என்று ஒரு அதட்டு போடுவேன்.

பக்கத்து வீட்டுப் பெண் பல்கலைக்கழகத்தில் ஆற்று மீன்களின் ரத்தத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். தூண்டில்காரர் ஒருவர் பிடித்துத் தந்த பாவுங், அதாவது நம் ஆற்றுக் கெளுத்தி, முள்ளால் குத்தியதில் அவள் கையில் பெரிய கட்டு. தொட்டியில் நான்கு மீன்கள் இருந்தன. குறைந்தது இரண்டின் ரத்தமாவது சரியாகக் கிடைக்க வேண்டும். ஆற்றில் வெள்ளம் வேறு. இவையும் வீணானால் படிப்பே மாதக்கணக்கில் தள்ளிப்போகும்.

"அக்கா, நீங்க எடுத்துத் தரீங்களா?"

"பச்சப் பிள்ளைக்கே எடுக்கிறேன், மீனு என்ன பெரிய மீனு! கொண்டா லா."

மீனை மயங்க வைக்கக் கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணீர் தயாராக இருந்தது. ஐந்து நிமிடம் பொறுக்கச் சொன்னாள். எனக்கா பொறுமை? ஈரத்துணியால் ஒரு மீனை அமுக்கிப் பிடித்து, வாலில் ஊசியை இறக்கினேன். விட்டது பாருங்கள் என் கன்னத்தில் ஒரு அறை! மூக்குக்கண்ணாடி பறந்து பூந்தொட்டியில் விழுந்தது. முகமெல்லாம் வழவழவென்று கோழை. என்னை மறந்து, "ஆடாதீங்கன்னு சொல்றேன்ல!" என்று கத்திவிட்டேன். மீனுக்கு மரியாதை வேறு!

வந்த கொஞ்சம் ரத்தமும் குழாயில் விடுவதற்குள் உறைந்துபோனது. இரண்டாவது மீனும் அப்படியே. அதுவரை விழுந்து விழுந்து சிரித்தவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பயந்துச்சுன்னா ரத்தம் சட்டுன்னு கட்டிக்கும் அக்கா. ரத்தத்துல சீனியும் ஏறிடும். அத வெச்சு ஒன்னும் சொல்ல முடியாது. இனி ரெண்டுதான் இருக்கு."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மூன்றாவது மீனைக் கிராம்புத் தண்ணீரில் விட்டு, ஐந்து நிமிடமும் காத்திருந்தேன். அது அசையாமல் கிடந்ததும் கண்ணை ஈரத்துணியால் மூடி, "ஒன்னுமில்லடா, ஆச்சு, ஆச்சு" என்று முணுமுணுத்தபடி மெதுவாகக் குத்தினேன். சிவப்பாக ஏறியது ரத்தம். நான்காவதிலும் கிடைத்தது. அந்தப் பெண் கட்டுப் போட்ட கையோடு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை கிளினிக்குக்கு, ரத்தத்தில் சீனி பார்க்க ஒரு லோரி டிரைவர் வந்தார். ஆள் மலை மாதிரி. கை மட்டும் வெடவெடவென்று நடுங்கியது. அதட்டல் தொண்டை வரை வந்துவிட்டது. கன்னம் ஒருமுறை சுள்ளென்றது. முழுங்கிவிட்டு, "மெதுவா மூச்சு விடுங்க அண்ணே, அவசரமில்ல" என்றேன். பேசியது நான்தானா என்று நர்ஸ் திரும்பிப் பார்த்தார்.

அன்றிலிருந்து அப்படித்தான். ஆனாலும், அதற்கு முந்தைய இருபது வருடத்தில் எத்தனை பேரை அதட்டி அதட்டியே சீனியை ஏற்றிவிட்டேனோ என்று நினைத்தால் இன்றும் மனசு உறுத்துகிறது.