நீலத்துண்டு இல்லாமல் வந்தவன்

என் மகள் கல்யாணத்துக்குக் கீரமங்கலம் வந்தபோது என் காலேஜ் சிநேகிதன் அவன் நாடான பூடானில் எம்.பி. முழங்கால் வரை இறங்கும் அவர்கள் நாட்டு அங்கி, தோளில் நீலத்துண்டு. என் மச்சான் அந்தத் துண்டை உற்றுப் பார்த்துவிட்டு என்னைத் தனியே இழுத்தார். "இவரு எந்தக் கட்சி மாப்ளே? கரையே தெரியலையே." அங்கே எந்தக் கட்சி எம்.பி.க்கும் நீலம்தான் என்றேன். அவர் நம்பவில்லை.

திருச்சியில் இன்ஜினியரிங் படித்தபோது எங்களுக்கு ஒரே ஹாஸ்டல் அறை. அவன் ஊர் போய்ச் சேரவே பாதி விடுமுறை கழிந்துவிடும் என்பதால் எங்கள் வீட்டுக்கே வருவான். தமிழை எங்கள் தென்னந்தோப்பில்தான் கற்றுக்கொண்டான். தன் அம்மாவைக்கூட என்னிடம் ஆத்தா என்றே சொல்வான்.

படித்து முடித்து அங்கே அரசாங்க இன்ஜினியர் ஆனவன், தேர்தலில் நிற்க அந்த வேலையை விட்டான். ஒருமுறை விட்டால் திரும்பச் சேர முடியாது. "புத்தி கெட்டுப்போச்சாடா ஒனக்கு?" என்று போனில் கத்தினேன். அவன் சொன்ன காரணம் ஒன்றுதான். அவன் அம்மா இருக்கும் மலைக்கிராமத்துக்கு ரோடு கிடையாது. உடம்பு முடியாதவர்களை முதுகில் கட்டித்தான் கீழே இறக்குவார்கள். அப்படித் தூக்கி வரும்போதுதான் அவன் அப்பா பாதி வழியில் இறந்தார்.

"ஆத்தாவ யாரும் அப்படித் தூக்கக் கூடாதுடா," என்றான்.

ஜெயித்தான். பதவிக்காலம் முழுக்க ரோடு ரோடு என்றே அலைந்தான். மலையைப் பாதி வெட்டியிருந்தபோது அடுத்த தேர்தல் வந்துவிட்டது. அங்கே இரண்டு சுற்று. முதல் சுற்றில் கட்சிக்கு ஓட்டு. அதில் முதல் இரண்டு இடம் பிடிக்கும் கட்சிகள்தான் அடுத்த சுற்றில் ஆள் நிறுத்தலாம். அவன் கட்சி மூன்றாவதாக வந்தது. நம் ஊரில் டெபாசிட் போனவனுக்காவது வேட்பாளர் என்ற பெயர் மிஞ்சும். இவனுக்குத் தோற்கக்கூட இடம் கிடைக்கவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது.

சில மாதம் கழித்து வந்தான், பேன்ட் சட்டையில். துண்டு எங்கே என்று கேட்டேன். "பதவி போனா நீலத்தக் கழட்டிரணும். இனி எல்லாரையும் போல வெள்ளைதான்." தோப்பில் இளநீர் வெட்டிக் கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

"கட்சி வெளிய போனத ஆத்தாகிட்டச் சொல்லத் தைரியம் வரலடா. நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிட்டேன். ரெண்டாஞ்சுத்து அன்னிக்குத் தடிய ஊனிக்கிட்டு மலையிலருந்து எறங்கி பூத்துக்கு வந்துருச்சு. நான் வாசல்ல நிக்கிறேன்."

"ஓட்டுப் போட்டாங்களா?"

"போடல. வெளிய வந்து என் காதுல சொல்லுது, 'மிஷின்ல கோளாறு. ஒன் சின்னத்தக் காணோம். ஆபீசருகிட்டச் சொல்லிட்டேன். சரி பண்ணட்டும், இங்கிட்டே உக்காந்திருப்போம்'னு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"பூத்து மூடுற வரைக்கும் உக்காந்திருந்துச்சு. அப்பத்தான் சொன்னேன். எந்திரிக்கப் பாத்துச்சு, காலு வரல."

இளநீரைக் கீழே வைத்தான்.

"முதுகுல கட்டி நாந்தான்டா மேல தூக்கிட்டுப் போனேன்."